பொறுப்பைக் கீழே கொடுக்கலாம், ஆபத்தைக் கொடுக்கக் கூடாது

ஒரு நாட்டின் பொது மருத்துவ அமைப்பை மாகாணம், மாவட்டம், நகராட்சி என்று பிரித்துக் கொடுத்தால் அது நீண்ட காலம் தாக்குப்பிடிக்குமா, இல்லை சிதறிப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் எதைக் கொடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் முதல் கேள்விக்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது.

அதிகாரப் பரவல் என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று வேலை: யார் தடுப்பூசி போடுவது, யார் மருத்துவமனையை நடத்துவது. இன்னொன்று பணம்: யார் கையில் வரும், யார் கையெழுத்தில் செலவாகும். மூன்றாவது ஆபத்து: எதிர்பாராத பெரிய செலவு வந்தால் யார் தலையில் விழும். முதல் இரண்டையும் சேர்த்துக் கீழே கொடுத்து, மூன்றாவதை மேலேயே வைத்துக்கொண்ட அமைப்புகள் ஓரளவு நன்றாக ஓடுகின்றன. வேலையை மட்டும் கீழே தள்ளிவிட்டுப் பணத்தை மேலே வைத்துக்கொண்டவை திணறுகின்றன. மூன்றையுமே கீழே தள்ளிய இடங்களில் சின்ன ஊர்கள்தான் முதலில் விழுகின்றன.

ஆபத்து என்று நான் சொல்வதை ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். ஹீமோஃபீலியா ஏ என்ற இரத்தம் உறையாத நோய், பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. உறைவுப் பொருளை ஊசியாக வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும். விலை அதிகம். ஐந்து கோடிப் பேர் உள்ள நாட்டில் சுமார் 5,000 நோயாளிகள் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான். நிதித்துறை அதிகாரிக்கு அது தெரிந்த செலவு. இப்போது 8,000 பேர் வசிக்கும் ஒரு நகராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு நோயாளியும் இல்லாமல் இருக்கலாம், ஒருவர் இருக்கலாம். ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் இருந்துவிட்டால் அந்த நகராட்சியின் மருந்துப் பணம் அவ்வளவும் ஒரு வீட்டு வாசலில் தீர்ந்துவிடும். யாரும் தவறு செய்யவில்லை, யாரும் வீணடிக்கவில்லை. பானை சின்னது, அவ்வளவுதான்.

இது கற்பனைக் கவலை இல்லை. பிரேசிலில் நடந்தது இதுதான். 1988-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 196-ஆவது பிரிவு, உடல்நலம் எல்லோருக்கும் உரிமை, அதை உறுதிசெய்வது அரசின் கடமை என்று எழுதியது. 1990-இல் வந்த சட்டங்கள் ‘சூஸ்’ என்று அழைக்கப்படும் ஒருங்கிணைந்த சுகாதார அமைப்பை உருவாக்கி, பெரும்பாலான வேலையை நகராட்சிகளிடம் கொடுத்தன. அங்கே சுமார் 5,570 நகராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேல் 20,000 பேரைக்கூட எட்டாதவை. சாசனம் உரிமை தருகிறதே என்று நோயாளிகள் வழக்குப் போட்டார்கள். மத்திய அரசு, மாநிலம், நகராட்சி மூன்றுக்கும் கூட்டுப் பொறுப்பு உண்டு என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. அதனால் ஒரு நீதிபதியின் உத்தரவில் சின்ன நகராட்சி ஒன்று விலையுயர்ந்த மருந்தை வாங்கித் தர வேண்டிய நிலை வந்தது. அந்தப் பணம் பெரும்பாலும் ஆரம்ப சுகாதாரத்துக்கு ஒதுக்கியதிலிருந்துதான் போகும். 2024-இல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு வைத்து, ஆண்டுச் செலவு அதைத் தாண்டும் மருந்து வழக்குகளை மத்திய அரசின் பக்கம் நகர்த்தியது. முப்பது ஆண்டு வேதனைக்குப் பிறகு ஆபத்து மேலே போனது.

அதே பிரேசிலில்தான் அதிகாரப் பரவலின் மிக அழகான பக்கத்தையும் பார்க்கலாம். சமூக சுகாதாரப் பணியாளர் என்று ஒருவர். அவர் வேலை பார்க்கும் பகுதியிலேயே குடியிருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அவர் பொறுப்பில் அதிகபட்சம் 750 பேர். மாதம் ஒரு முறையாவது ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுகிறார். எந்த வீட்டில் கர்ப்பிணி, யார் இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர், எந்தக் குழந்தைக்கு இரண்டாவது தவணை தடுப்பூசி தள்ளிப்போய்விட்டது என்பது அவருக்குத் தெரியும். காரணம் எளிது: அது அவருடைய தெரு. அவருக்கு மேலே ஒரு செவிலியர், செவிலிய உதவியாளர், மருத்துவர் அடங்கிய குழு. 1994-இல் தொடங்கிய குடும்ப சுகாதாரத் திட்டம் இந்தக் குழுக்களின் மேல்தான் நிற்கிறது. தலைநகரில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு திறமையான அமைச்சகமும் இந்தத் தெரு அறிவைச் சேகரிக்க முடியாது. கீழே கொடுக்க வேண்டியது இதுதான்.

ஆனால் இங்கேயும் ஒரு சுருக்கு இருக்கிறது. 2000-இல் சாசனத் திருத்தம் ஒன்று, மாநிலங்கள் தங்கள் வருவாயில் 12 சதவீதமும் நகராட்சிகள் 15 சதவீதமும் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்றது. அப்போது மத்திய அரசுக்கு அவ்வளவு கறாரான விதி இருக்கவில்லை. பொதுச் சுகாதாரச் செலவில் 1990-களில் பாதிக்கும் மேல் இருந்த மத்திய அரசின் பங்கு பிறகு பாதிக்குக் கீழே இறங்கியது. 2016-இல் மத்தியச் செலவுக்கே இருபது ஆண்டு உச்சவரம்பு போட்டார்கள், 2023-இல்தான் அதை மாற்றினார்கள். வேலை கீழே போன வேகத்தில் பணமும் மேலிருந்து கீழே வந்ததா என்றால் இல்லை. இடைவெளியை நகராட்சிகள் தங்கள் சொந்த வருவாயிலிருந்து நிரப்பின.

வேலையைத் துண்டு துண்டாக வெட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பிலிப்பைன்ஸைப் பாருங்கள். 1991-இல் உள்ளாட்சிச் சட்டம், 1993-இல் நடைமுறை. மாகாண மருத்துவமனைகளும் மாவட்ட மருத்துவமனைகளும் மாகாண ஆளுநரின் கீழ் போயின. சுகாதார நிலையங்கள் நகர மேயர்களின் கீழ் போயின. காகிதத்தில் சரியாகத்தான் தெரிந்தது. ஒரு பிரசவத்தை மனதில் நிறுத்திப் பாருங்கள். சிக்கல் என்று தெரிந்ததும் மருத்துவச்சி அந்தப் பெண்ணை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மருத்துவச்சிக்குச் சம்பளம் தருவது மேயர். ஆம்புலன்ஸ் மேயருடையது, டீசல் பணம் அவருடைய பட்ஜெட். மருத்துவமனை ஆளுநருடையது. மேயர் ஒரு கட்சி, ஆளுநர் வேறு கட்சி என்றால் தொலைபேசியில் பேசிக்கொள்ளக்கூட ஆள் இருக்காது. முன்பு ஒரே அமைச்சகத்தின் கீழ் மாவட்டச் சுகாதார அமைப்பாக இருந்த சங்கிலி, துண்டு துண்டாகப் பல கைகளுக்குப் போய்விட்டது. போதாக்குறைக்கு 1992-இல் நாடாளுமன்றம் சுகாதாரப் பணியாளர்களுக்குப் படிகளை உயர்த்திச் சட்டம் போட்டது. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் உள்ளாட்சிகள். ஏழை நகராட்சிகளால் முழுதாகக் கொடுக்க முடியவில்லை. மேலே முடிவெடுத்தார்கள், கீழே பில் வந்தது. கடைசியில் 2019-இல் வந்த அனைவருக்கும் சுகாதாரச் சட்டம் மாகாண அளவிலும் பெருநகர அளவிலும் இவற்றை மறுபடி ஒன்றாகக் கோக்கச் சொல்கிறது. பிரிக்க இரண்டு ஆண்டு ஆனது. கோக்கும் வேலை இன்னும் நடக்கிறது.

பணம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். மாவட்டம் வரை வந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. கென்யா 2010-இல் புதிய சாசனம் எழுதி, 2013 முதல் மாவட்டம் போன்ற 47 கவுண்டிகளிடம் சுகாதாரத்தைக் கொடுத்தது. மூன்று ஆண்டுகளில் படிப்படியாக என்றுதான் திட்டம். புதிதாகத் தேர்வான ஆளுநர்களின் அழுத்தத்தில் சில மாதங்களிலேயே எல்லாம் கைமாறிவிட்டது. அதற்கு முன்பு மருத்துவமனைகள் தாங்கள் வசூலித்த கட்டணத்தைத் தங்கள் கணக்கிலேயே வைத்துக்கொண்டு கையுறை, சோப்பு, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் வாங்கின. கவுண்டிகள் வந்த பிறகு பல இடங்களில் அந்தப் பணம் கவுண்டியின் பொதுக் கருவூலத்துக்குப் போனது. திரும்பி வர மாதங்கள் ஆயின, சில நேரம் வேறு செலவுக்குப் போய்விட்டது. தலைநகரிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கிக் கவுண்டித் தலைநகரில் வைத்தார்கள், மருத்துவமனையிடம் முன்பு இருந்ததையும் எடுத்துவிட்டார்கள். இதைச் சரிசெய்யத் தனிச் சட்டம் 2023-இல்தான் வந்தது. நடுவில் 2016 டிசம்பரிலிருந்து 2017 மார்ச் வரை நூறு நாள் மருத்துவர் வேலைநிறுத்தம். அதே 2017-இல் ஐந்து மாதம் செவிலியர் வேலைநிறுத்தம். பேச்சுவார்த்தையில் உட்கார வேண்டியது மத்திய அரசா, கவுண்டியா என்பதிலேயே இழுபறி.

பல ஆண்டுகள் சுகாதாரக் கணக்குகளோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வட்டார மருத்துவமனையில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியின் கம்ப்ரஸர் பழுதாகிக் கிடந்தது. பழுது பார்க்கப் பெரிய தொகை தேவையில்லை. பதிவேட்டில் ‘பராமரிப்பு’ தலைப்பில் பணம் இல்லை, ‘பயிற்சி’ தலைப்பில் தொடாத பணம் இருந்தது. அதை இங்கே மாற்ற மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும். கடிதம் போய், திரும்பி வந்து, விளக்கம் கேட்டு மறுபடி போய், ஒப்புதல் கிடைத்தபோது நிதியாண்டு முடிந்திருந்தது. அதுவரை ஒரு செவிலியர் தினமும் காலையில் பேருந்தில் போய் அடுத்த ஊரிலிருந்து ஐஸ் பெட்டியில் தடுப்பூசி எடுத்து வந்தார். இத்தனைக்கும் அந்த நாட்டில் அதிகாரப் பரவல் சட்டப்படி முழுமையாக நடந்திருந்தது. ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குக் கொஞ்சம் பணத்தை மாற்றும் உரிமை அந்த மருத்துவ அதிகாரிக்கு இல்லை என்றால் அந்தப் பரவல் எதுவரை வந்தது என்று இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, வேலையும் பணமும் கீழே போய்விட்டன. கீழே இருப்பவர்கள் வரவுக்கு மேல் செலவு செய்தால்? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு நிலைத்தன்மை பற்றிப் பேச முடியாது. இத்தாலியின் அனுபவம் இதில் நல்ல பாடம். 1978 டிசம்பரில், தினா ஆன்செல்மி சுகாதார அமைச்சராக இருந்தபோது, 833-ஆம் எண் சட்டம் அங்கே தேசியச் சுகாதார சேவையை உருவாக்கியது. 1990-களில் பொறுப்பு மண்டலங்களுக்குப் போனது, 2001 சாசனத் திருத்தம் அதை உறுதியாக்கியது. எல்லா மண்டலமும் கட்டாயம் தர வேண்டிய சேவைகளின் பட்டியலைத் தேசிய அளவில் வகுத்தார்கள். அது நல்ல யோசனை. ஆனால் மண்டலங்கள் பல ஆண்டுகள் பற்றாக்குறையில் ஓடின. கடைசியில் ரோமில் யாராவது கடனை அடைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அடைக்கவும் அடைத்தார்கள். அப்படி ஒரு நம்பிக்கை இருக்கும் வரை கீழே யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

2007 முதல் கடிவாளம் போட்டார்கள். பற்றாக்குறை மண்டலங்கள் மத்திய அரசோடு மீட்புத் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும். ஓய்வு பெற்றவர்களின் இடத்தை நிரப்பத் தடை, மண்டல வருமான வரி உயர்வு, மருந்துக்குக் கூடுதல் கட்டணம். லாட்சியோ, கம்பானியா, சிசிலி, கலாப்ரியா என்று பெரும்பாலும் நடுப்பகுதியும் தெற்கும்தான் இதில் மாட்டின. கலாப்ரியாவின் சுகாதாரத்தை 2010 முதல் பல ஆண்டுகள் மத்திய அரசு நியமித்த ஆணையர்கள் நடத்தினார்கள். பற்றாக்குறை குறைந்தது உண்மை. ஆனால் வார்டுகளில் ஆள் குறைந்தது. ஆள் குறைந்ததும் நோயாளிகள் வடக்கே போனார்கள். இத்தாலியில் யார் வேண்டுமானாலும் எந்த மண்டலத்திலும் சிகிச்சை பெறலாம், பில் சொந்த மண்டலத்துக்கு வரும். ஆக கலாப்ரியாக்காரர் இடுப்பு மூட்டு மாற்ற லொம்பார்தியாவுக்கு ரயில் ஏறினால் பணமும் கூடவே வடக்கே போகிறது. அந்தப் பணத்தில் வடக்கு இன்னும் நல்ல மருத்துவமனை கட்டுகிறது, தெற்கிலிருந்து இன்னும் பலர் ரயில் ஏறுகிறார்கள். இந்தச் சுழலைச் சட்டத்தில் எழுதியவர்கள் யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள். ஆனால் செலவை மட்டும் பார்க்கும் கடிவாளம் இப்படித்தான் இழுக்கும். பணக்கணக்கு நேரானால் போதும், அமைப்பு நிலைத்துவிட்டது என்பவர்களிடம் நான் இந்த உதாரணத்தைத்தான் வைப்பேன்.

சமமற்ற தொடக்கத்தைச் சமன்செய்யாமல் பிரித்தால் பிரிவினை ஆழமாகும். இதற்கு ஒரு கருவி இருக்கிறது, தேவையை அளந்து பணம் பிரிக்கும் சூத்திரம். பிரிட்டனின் தேசியச் சுகாதார சேவை 1948 ஜூலை 5-இல் தொடங்கியது. அதற்கு முன்பு அமைச்சரவையில் ஒரு சண்டை நடந்தது. நகராட்சி மருத்துவமனைகள் உள்ளாட்சிகளிடமே இருக்கட்டும் என்றார் மூத்த அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன். உள்ளாட்சிகளின் வரி வருவாய் ஒரே மாதிரி இல்லை, ஏழை ஊருக்கு ஏழை மருத்துவமனைதான் கிடைக்கும் என்பது சுகாதார அமைச்சர் அனியூரின் பெவனின் வாதம். பெவன் வென்றார், எல்லாம் தேசியமயமானது. ஆனால் வேடிக்கை பாருங்கள்: மையத்திலிருந்தே பணம் வந்தும் கால் நூற்றாண்டுக்கு மேல் அது பழைய தடத்திலேயே ஓடியது. எங்கே ஏற்கெனவே கட்டில்கள் அதிகமோ அங்கே பணம் அதிகம், அதாவது லண்டனுக்கும் தென்கிழக்குக்கும். 1976-இல் வந்த பணிக்குழு அறிக்கைதான் மக்கள்தொகை, வயது, இறப்பு விகிதம் ஆகியவற்றை வைத்துப் பணம் பிரிக்கச் சொன்னது. ஒரே மையம் இருப்பதாலேயே நியாயம் வந்துவிடாது. பிரிப்பதாலும் வராது. நோயாளிகள் அதிகம் உள்ள ஊருக்கு அதிகப் பணம் என்று எழுதி வைத்த கணக்கு வேண்டும். அதை ஒவ்வொரு பட்ஜெட்டிலும் பேரம் பேசாமல் பின்பற்ற வேண்டும்.

கனடா வேறொன்றைக் கற்றுக்கொடுக்கிறது. அங்கே இந்த அமைப்பே கீழிருந்து பிறந்தது. சஸ்காச்சுவான் மாகாணம் டாமி டக்ளஸ் முதல்வராக இருந்தபோது 1947-இல் மருத்துவமனைக் காப்பீட்டைத் தொடங்கியது. 1962-இல் மருத்துவர் கட்டணத்துக்கும் விரித்தது, மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தும் பின்வாங்கவில்லை. 1966-இல் மத்தியச் சட்டம் வந்து, அடுத்த சில ஆண்டுகளில் நாடு முழுக்க அது பரவியது, மத்திய அரசு ஏறக்குறைய பாதிச் செலவைப் பகிர்ந்தது. ஒரு மாகாணம் துணிந்து செய்து காட்டியதை நாடு எடுத்துக்கொண்டது என்பது அதிகாரப் பரவலுக்குச் சாதகமான மிகப் பெரிய வாதம். அப்புறம் 1977-இல் பாதிக்குப் பாதி பகிர்வை நிறுத்தி மொத்தமாக ஒரு தொகை கொடுக்க ஆரம்பித்தார்கள். மருத்துவர்கள் நோயாளியிடம் தனியாகக் கட்டணம் வாங்குவது பரவியது. 1984-இல் கனடா சுகாதாரச் சட்டம் வந்தது: எந்த மாகாணம் அப்படி வசூலிக்க விடுகிறதோ, அதே தொகை மத்திய மானியத்தில் கழிக்கப்படும். விதி இரண்டு வரியில் அடங்கும், ஆனால் பல் இருக்கிறது. மையம் பணம் கொடுத்தால்தான் அந்தப் பல்லுக்கு வலு. பங்கைக் குறைத்துக்கொண்டே போகும் மத்திய அரசு, தேசியத் தரம் பற்றிப் பேசும் தகுதியையும் சேர்த்தே இழக்கிறது.

ஸ்பெயின் நிதானமாகச் செய்தது. 1981-இல் கத்தலோனியாவில் தொடங்கி, ஒவ்வொரு தன்னாட்சிப் பகுதியாகக் கைமாற்றி, கடைசிப் பத்துப் பகுதிகளுக்கு 2002 தொடக்கத்தில் முடித்தார்கள். இருபது ஆண்டு. கைமாறும் பகுதி நிர்வாகம் கற்றுக்கொள்ள நேரம் இருந்தது. இதிலும் ஓட்டை உண்டு: ஒரு பகுதியின் நோயாளிப் பதிவு இன்னொரு பகுதியின் கணினியில் திறக்க வெகுகாலம் ஆனது. 2020 தொற்றின்போது பகுதிகள் வெவ்வேறு முறையில் எண்ணிக்கை கொடுத்துக் குழப்பின. ஆனால் பரவல் மக்களைக் காப்பாற்றிய ஒரு தருணமும் அங்கே உண்டு. 2012 சிக்கன நடவடிக்கையில் மத்திய அரசு ஆவணமற்ற குடியேறிகளின் சிகிச்சை உரிமையைப் பறித்தபோது சில பகுதிகள் மறுத்துத் தங்கள் செலவில் சிகிச்சையைத் தொடர்ந்தன. 2018-இல் உரிமை திரும்பி வந்தது. ஒரே கையில் எல்லாம் இருந்திருந்தால் ஒரே கையெழுத்தில் எல்லாக் கதவும் அடைபட்டிருக்கும்.

பணக்கார வட ஐரோப்பாவில் எதிர்த்திசைக் காற்று அடிக்கிறது. நார்வே 2002-இல் கவுண்டிகளிடமிருந்து மருத்துவமனைகளை அரசின் கைக்கே எடுத்துக்கொண்டது. டென்மார்க் 2007-இல் தன் கவுண்டிகளை 5 மண்டலங்களாகவும், 270-க்கும் மேற்பட்ட நகராட்சிகளை 98 ஆகவும் இணைத்தது. பின்லாந்து 2023 ஜனவரியில் ஏறக்குறைய 300 நகராட்சிகளிடமிருந்து சுகாதாரத்தை எடுத்து 21 நலவாழ்வு மண்டலங்களிடமும் ஹெல்சிங்கி நகரத்திடமும் கொடுத்தது. நகராட்சிகளை இவர்கள் வெறுத்ததால் இல்லை. வயதானவர்கள் பெருகுகிறார்கள், இளைஞர்கள் பெருநகரம் போகிறார்கள், 5,000 பேர் உள்ள ஊரால் முதியோர் இல்லத்தையும் அறுவைச் சிகிச்சைச் செலவையும் சேர்த்துத் தூக்க முடியவில்லை. முன்பு பார்த்த ஹீமோஃபீலியா கணக்கின் பெரிய வடிவம் இது. ஆனால் பின்லாந்தின் புதிய மண்டலங்களுக்கு வரி போடும் உரிமை இல்லை. முதல் ஆண்டிலேயே பெரும்பாலானவை பற்றாக்குறையில் விழுந்தன. பானையைப் பெரிதாக்கியது சரி. அதில் எவ்வளவு விழ வேண்டும் என்பதை முழுக்க இன்னொருவர் முடிவுசெய்கிறார் என்பது அடுத்த சண்டை.

தாய்லாந்தைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. 2002-இல் அனைவருக்குமான காப்பீட்டைச் சட்டமாக்கும் முன்பே அவர்கள் அடித்தளம் போட்டிருந்தார்கள். 1972 முதல் புதிய மருத்துவர்களுக்குக் கிராமப்புறச் சேவை கட்டாயம். 1980-களின் முற்பகுதியில் நகர மருத்துவமனைகளின் புதிய கட்டுமானத்தை நிறுத்தி அந்தப் பணத்தை மாவட்டச் சிறு மருத்துவமனைகளுக்குத் திருப்பினார்கள். காப்பீடு வந்தபோது கிராமத்தில் போய்ச் சேர ஒரு மருத்துவமனை இருந்தது. பணம் ஒரே தேசிய அலுவலகத்தில் திரள்கிறது, அங்கிருந்து பதிவான தலைக்கு இவ்வளவு என்று, மாவட்ட மருத்துவமனையும் அதைச் சார்ந்த சுகாதார நிலையங்களும் சேர்ந்த குழுமத்துக்கு வருகிறது. விலையுயர்ந்த சிகிச்சைகளுக்குத் தனி நிதி தேசிய அளவிலேயே இருக்கிறது. ஆபத்து மேலே, வேலையும் அன்றாடப் பணமும் கீழே. என் கருத்தில் இதுவரை செய்யப்பட்டதில் தெளிவான பிரிப்பு இதுதான். இப்போது அவர்களுக்கும் சோதனை வந்திருக்கிறது: 2022 அக்டோபரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துணைமாவட்டச் சுகாதார நிலையங்கள் மாகாண நிர்வாகங்களுக்குக் கைமாறின. நிலையம் மாகாணத்துக்குப் போய்விட்டது. வாரம் ஒரு நாள் அங்கே வரும் மருத்துவரும் மருந்து அனுப்பும் மருந்தாளரும் மாவட்ட மருத்துவமனையில், அதாவது அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்கள். அந்த வண்டி தொடர்ந்து வருமா என்பதை எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் செய்த மாகாணங்களில் சிக்கல் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

எதை முதலில் கொடுப்பது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆரம்ப சுகாதாரம், தடுப்பு, வீட்டுச் சிகிச்சை, தாய்சேய் நலம் ஆகியவற்றைக் கொடுங்கள். தெருவை அறிந்தவர் செய்ய வேண்டிய வேலைகள் இவை. கூடவே ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் பெயரில் வங்கிக் கணக்கும், குறிப்பிட்ட தொகை வரை கேட்காமல் செலவழிக்கும் உரிமையும் கொடுங்கள். குளிர்பெட்டி பழுதாகும்போது அதன் அருமை தெரியும். மாவட்ட மருத்துவமனையைக் கொடுப்பதாக இருந்தால், அதற்கு நோயாளி அனுப்பும் சுகாதார நிலையங்களையும் சேர்த்து ஒரே கையில் கொடுங்கள். பிலிப்பைன்ஸ் செய்ததுபோல நடுவில் வெட்டாதீர்கள்.

மருந்து விலைப் பேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். நியூசிலாந்து 1993-இல் தொடங்கிய ‘ஃபார்மாக்’ என்ற அரசு மருந்து அமைப்பு நாடு முழுமைக்கும் ஒரே குரலில் பேரம் பேசுவதால்தான் சிறிய நாடாக இருந்தும் விலையைக் குறைக்க முடிகிறது. கொள்முதல் விலை மேலே, எந்த மாத்திரை எத்தனை வேண்டும் என்ற கணக்கு கீழே. அரிய நோய்கள், உறுப்பு மாற்று, புற்றுநோய்க்கான விலையுயர்ந்த மருந்துகள், தொற்றுநோய்க் கண்காணிப்பு எல்லாம் மேலேயே இருக்கட்டும். மருத்துவர், செவிலியர் பணிமூப்பும் ஓய்வூதியமும் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் அறுபடாத ஏற்பாடும் மேலேதான் வேண்டும். அது இல்லாவிட்டால் பின்தங்கிய மாவட்டத்தில் வேலைக்குச் சேர யாரும் துணிய மாட்டார்கள். சேர்ந்தவரும் முதல் வாய்ப்பில் போய்விடுவார்.

தேர்தலில் வென்ற உள்ளூர்த் தலைவரிடம் கொடுத்துவிட்டால் மக்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு தானாக வந்துவிடும் என்பதை நான் முழுதாக நம்புவதில்லை. மேயருக்குப் புதிய கட்டடம் திறப்பதில் ஆர்வம் இருக்கும், நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைச் சோதிப்பதில் இருக்காது. பிரேசிலில் ஒவ்வொரு நகராட்சியிலும் சுகாதாரக் குழு உண்டு, அதில் பாதி இடங்கள் சேவையைப் பயன்படுத்துவோருக்குச் சட்டப்படி ஒதுக்கியவை. நகராட்சியின் சுகாதாரத் திட்டமும் செலவுக் கணக்கும் அந்தக் குழுவின் பார்வைக்குப் போக வேண்டும். எல்லா ஊரிலும் அது உயிரோடு இயங்குகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்க ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் நாட்டில் சட்ட வரைவு வெளிவந்தால், முன்னுரையை விட்டுவிட்டு நேராகக் கடைசியில் இருக்கும் அட்டவணைக்குப் போங்கள். எந்த ஆண்டு எந்த நிலையம் கைமாறுகிறது, அந்த ஊழியரின் முதல் மாதச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது, ஆண்டு நடுவில் மருந்துப் பணம் தீர்ந்தால் யாரிடம் எத்தனை நாளில் கேட்கலாம் என்று தேடுங்கள். இந்த மூன்றுக்கும் அங்கே பதில் இல்லாவிட்டால் வரைவைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் குரல் கொடுங்கள். ஸ்பெயின்போல இருபது ஆண்டு எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.